பதினொரு நொடி

ஸ்வென்யா அனுப்பிய குரல்செய்தி பதினொரு நொடி.
"பெர்லினில் இருக்கிறேன். தேடாதீர்கள்."
அவள் அம்மா அதைக் கேட்டு அழுதாள்.
வூப்பர்டால் காவல் நிலையம் கேட்டுக் குறித்துக்கொண்டது.
நான் கேட்டது ஏழாவது நொடியை.

அவள் மூச்சுக்குப் பின்னால்
ஒரு தொங்கு ரயில் போகிறது.
பெர்லினில் தொங்கு ரயில் கிடையாது.

சொன்னேன்.
அதிகாரி பேனாவை மூடும் சத்தம் கேட்டது.
"ரயில் சத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்."
"சாம்பவி, எழும்பு" என்றார் அப்பா.

பதினாறு வருடமாகக் கேட்கிற ரயில்.
ஆற்றின் மேல் ஓடும்போது அதன் இரைச்சலில் பாதியைத்
தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.
ஃபோவிங்கலில் ஆறு விலகிப்போகத்
தெருவுக்கு மேலே ஓடும்;
அங்கே எதிரெதிர் வீடுகள் அதைப்
பந்துபோல் மாறி மாறி எறியும்.
ஸ்வென்யாவின் ஏழாவது நொடியில்
தண்ணீர் இல்லை.

ஒன்பதாவதில் போத்தல்கள் உடைகின்றன.
யாரோ வெறும் போத்தல்களைத்
தெருமுனைப் பெட்டியில் போடுகிறார்கள்.

அம்மாவிடம் கணக்கு வகுப்பு என்றேன்.
ஃபோவிங்கலில் இறங்கினேன்.
கையில் கோல். ஒரு காதில் அந்தப் பதினொரு நொடி,
முடிந்து, தொடங்கி, முடிந்து.
நாலாவது தெருமுனையில் புளித்த பியர் நாற்றம்,
சப்பாத்துக்கடியில் கண்ணாடி நொறுங்கியது.

முதல் கதவில் ஒரு நாயும் ஒரு கிழவரும்.
இரண்டாவதில் யாரும் இல்லை.
மூன்றாவதைத் திறந்தவனிடம் புதினா வாசனை.
"யாரைத் தேடுகிறாய், குழந்தை?"
நல்ல குரல். எங்கோ கேட்ட குரல்.
எதிரொலியோடு மட்டுமே கேட்டிருந்ததால்
பிடிபடச் சற்று நேரமானது:
நீச்சல் பயிற்சியாளன், ப்ரூக்மன்.
மூன்று வருடம் குளத்தோரத்து வாங்கில்
ஸ்வென்யாவின் துவாயை மடியில் வைத்திருந்தவளை
அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

படியைத் தேடுகிறவள் போல
கோலால் மூன்று தரம் தட்டினேன்.
ஆறு வயதிலிருந்து எங்கள் பாஷை அது,
மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே
வெப்பக் குழாயில்.
இரண்டு தட்டினால், முழிச்சிருக்கிறாயா.
மூன்று தட்டினால், வா.

வீட்டுக்குள், தரைக்குக் கீழே எங்கோ,
இரும்பில்
மூன்று.

"பழைய வீடு, குழாய் அப்படித்தான்" என்றான்.
நான் கேட்கவே இல்லை.

"மன்னியுங்கள், இலக்கம் மாறிவிட்டது."
சிரித்ததாக ஞாபகம்.
திரும்பி நடந்தேன். பதினைந்து அடி, பதினாறு.
கதவு மூடும் சத்தம் வரவில்லை.
இருபது. இன்னும் இல்லை.
அப்போது பார்த்துத் தலைக்கு மேலே ரயில் வந்தது.
அது கடந்து போகும்வரை
நான் உண்மையிலேயே குருடி.

ரயில் போன பிறகு
புதினா என் கழுத்தருகே இருந்தது.

தெரு சத்தத்தைத் திருப்பி எறியும் தெரு.
அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:
"ஹெர் ப்ரூக்மன்! ஸ்வென்யா எந்த அறையில்?"
இந்தப் பக்கச் சுவர் ப்ரூக்மன் என்றது,
அந்தப் பக்கச் சுவர் ஸ்வென்யா என்றது.
நாய் குரைத்தது. ஒரு ஜன்னல் திறந்தது.
பிறகு இன்னொன்று.
மேலே யாரோ, "என்ன அங்கே?"
என் முழங்கையைப் பிடித்த விரல்கள்
ஒவ்வொன்றாக விட்டன.

அன்றிரவு அதே அதிகாரி, அதே பேனா.
"முதலிலிருந்து சொல். என்ன பார்த்தாய்?"
அறையில் யாரும் பேசவில்லை.
"கேட்டாய்" என்று திருத்திக்கொண்டார்.
மூடியைத் திறந்தார்.

ஸ்வென்யா மேல்வீட்டுக்குத் திரும்பி நாற்பது நாள்.
படிக்கட்டில் அவள் காலடி
சுவரோரமாகவே போகிறது.
இரவில் குழாயில் இரண்டு தட்டுகிறேன்.
தண்ணீர் ஓடுகிறது.
மூன்று தட்ட எனக்குத் துணிவில்லை,
அந்த எண்ணை இனி எப்படித் தட்டுவது.

விடியலுக்கு முன் முதல் ரயில் வருகிறது.
அது வளைவைத் தொடுமுன்னே
மேலே ஜன்னலை யாரோ
இறுக்கி மூடுகிறார்கள்.