முப்பத்தொன்றாம் வீடு

பதினெட்டாம் தேதி உபகாரச் சம்பளம் விழுந்தது.
அன்று மாலையே கிளமெண்டி ரயில் நிலையத்தருகே
எனக்குத் தேவையே இல்லாத
ஒரு மேசை விளக்கை வாங்கினேன்.
ரசீதை ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டினேன்,
நேர்மைக்காக.

நான்கு ஆண்டு நிதி. மூன்று துறை.
பொருளியல்காரருக்கு விலை வேண்டும்.
வேதியியல்காரருக்கு எடை வேண்டும்,
அதுவும் ஈரம் போக.
மானிடவியல்காரருக்கு,
தூக்கி எறியும்போது
அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.
மூவரும் ஓர் அறையில் உட்கார
ஒரு மாதம் முன்பே நாள் குறிக்க வேண்டும்.

ஜூரோங் வெஸ்ட்டில் நாற்பது வீவக வீடுகள்.
வெள்ளிதோறும் குப்பைப் பைகளை வாங்கி வந்து
புளோக் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் விரித்துப் பிரிக்கிறேன்.
டுரியான் கொட்டை, திறக்காத தயிர்,
ஒருமுறைகூடப் போடாத காலணியின் ஒற்றை.
படிவத்தில் நுகர்வு என்று எழுதும்போதெல்லாம்
சொல் என்னைப் பார்த்துச் சிரிக்கும்:
உண்பதும் நுகர்தல், அனுபவிப்பதும் நுகர்தல்,
மூக்கு அறிவதும் அதுவே.
அவர்கள் நுகர்ந்து முடித்ததை
நான் நுகர்கிறேன்.
பூனை ஒன்று தள்ளி உட்கார்ந்து
இரண்டையும் கவனிக்கிறது.

முப்பத்தொன்றாம் வீட்டின் பை
பதினொரு வாரமாகக் காற்றுபோல் இருந்தது.
வரைபடத்தின் அடி மூலையில்
தனியாக ஒரு பச்சைப் புள்ளி.
"பத்தில் ஒருவர் இப்படி வாழ்ந்தால் போதும்,"
பொருளியல்காரர் கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டார்.
வேதியியல்காரர் தராசைச் சரிபார்க்கச் சொன்னார்.
மானிடவியல்காரர்
"போய்ப் பார்" என்றார்.

ஹெங் கியாட் கதவைத் திறந்தார்.
சில்லுத் தொழிற்சாலையில் இரவு வேலை,
மார்ச்சில் ஆட்குறைப்பு.
குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கியிருந்தார்.
உள்ளே,
முட்டை வைக்கும் குழிகளில் காலுறைகள்,
தட்டுகளில் மடித்த சட்டைகள்.
"பூச்சி வராது, நல்ல அலமாரி."
ரொட்டிப் பைகளைக் கழுவி
ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்
பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில் உலர்த்தியிருந்தார்.

"என் மார்க் எப்படி?" என்று கேட்டார்.
"முதல் இடம்," என்றேன்.
வாயை மூடியிருக்கலாம்.
அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார்.

குறைவாக நுகர்வது பற்றிய ஆய்வில்
பங்கெடுத்ததற்கு நன்றியாக,
பேரங்காடியில் செலவழிக்க
முப்பது வெள்ளி பற்றுச்சீட்டைக் கொடுத்தேன்.
கையெழுத்து வாங்கினேன்.
நகல் அவருக்கு, அசல் நிதியாளருக்கு.

அடுத்த வெள்ளி அவர் பை
எண்ணூற்று நாற்பது கிராம்.
கோழி எலும்பு, வெள்ளையாகும்வரை சப்பியது.
ஆரஞ்சுத் தோல்,
நான்கு பழத்துடையது.
பச்சைப் புள்ளி மேலே ஏறி
மஞ்சளாயிற்று.
"பங்கேற்பாளர் பின்வாங்குகிறாரா?"
மின்னஞ்சலில் ஒரு வரி.

குறிப்புக்கான கட்டத்தில்
இருநூறு எழுத்துக்குத்தான் இடம்.
எழுதினேன், அழித்தேன்,
"சரிபார்க்கவும்" என்று விட்டு வைத்தேன்.
யார், எதை என்று எழுதவில்லை.

கையுறையைக் கழற்றிய பின்னும்
விரல் நுனியில் ஆரஞ்சு.
அறைக்கு வந்து
இன்னும் பிரிக்காத விளக்கைப்
பெட்டியோடு தராசில் வைத்தேன்.
ஒன்றே முக்கால் கிலோ.
ஈரம் போக
அவ்வளவேதான்.