பதினேழாவது கேள்வி

புகை உண்டா, பதினான்கு.
காரில் பெல்ட் போடுவீர்களா, பதினைந்து.
மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா, பதினாறு.
அதுவரை வெர்லின் ஸ்ட்ராட்
தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு
சந்தையில் கன்றுக்கு விலை சொல்பவர்போல
ஒற்றைச் சொல்லில் பதில் தந்துகொண்டிருந்தார்.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்றேன்.

ஹீட்டர் மட்டும் பேசியது.

"மலம் எப்படிப் போகிறது என்றீர்கள், சொன்னேன்.
லவோன் போனபின் தூக்கம் எப்படி என்றீர்கள்,
அதற்கும் ஏதோ சொல்லிவைத்தேன்.
இது உங்களுக்கு எதற்கு, டாக்டர்?
அந்தக் கணினிக்குப் பின்னால்
யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
முழு உண்மையில்லை அது.
ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஏழு குளிர்காலத்துக்கு முன்
இதே நாற்காலியில் ஆர்லின் நைகார்ட்.
ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது,
பொறாமைப்படலாம்.
எடை மட்டும் பதினோரு பவுண்டு குறைவு.
சர்க்கரைக்கிழங்கு விலை படுத்துவிட்டது என்றார்
ஆமாம் என்றேன்.
கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று
கேட்க இருந்ததை விழுங்கி
கொலஸ்ட்ரால் பற்றிக் கேட்டேன்.
பனி உருகுமுன் ஒரு செவ்வாய்க்கிழமை
அவர் மனைவி வந்து
பாக்கி நாற்பத்திரண்டு டாலரை
ஒவ்வொரு தாளாக நீவி நீவி
எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.
அந்த ரசீதின் நகல்
இன்னும் என் மேசை இழுப்பறையில்.
எந்தக் கோப்பில் போடுவதென்று தெரியவில்லை.

வெர்லினிடம் இதைச் சொல்லவில்லை.
மோண்டானாவின் இந்த மூலையில்
எல்லோருக்கும் தெரிந்ததை
யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தார்கள்:
நாய், நீச்சல்குளம், மாத்திரை டப்பா
என்ற வரிசையில் இயல்பாய் நுழைத்துக் கேள்.
எனக்கு ஒருமுறையும் இயல்பாய் வந்ததில்லை.
ஊசி பிடிக்கும்போது நடுங்காத கை
இந்த ஒரு வரிக்கு நடுங்கும்.

கீபோர்டைத் தள்ளிவைத்தேன்.
"எனக்கும் ஒன்று உண்டு, மான் வேட்டைக்கு.
பெட்டியில் பூட்டியிருக்கிறது.
சாவி பில்லிங்ஸில், தங்கையிடம்."
"நூற்றுப்பத்து மைலாயிற்றே."
"ஆமாம்.
ஒரு வருடம் எனக்கு
அவ்வளவு தூரம் தேவைப்பட்டது."

தொப்பியின் விளிம்பை
ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்.

"ஆறு" என்றார்.
கொயோட்டி விரட்ட ஒன்று.
வாத்துக்கு ஒன்று.
பையன் டென்வர் போகும்போது விட்டுச்சென்றது இரண்டு.
ஒன்று சுடாது, விற்கவும் மனம் வரவில்லை.

விரல்விட்டு எண்ணவில்லை நான்
ஆனாலும் எண்ணியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஆறாவது பிக்கப்பில்.
சீட்டுக்கு அடியில்.
பிப்ரவரியிலிருந்து."

பிப்ரவரியில்தான் லவோன்.

வெளியே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது.
அடுத்தவரின் நேரத்தில் எட்டு நிமிடம் ஓடிவிட்டது.
யாராவது வைத்துக்கொள்வார்களா,
கொஞ்ச நாளைக்கு, என்றேன்.
"பக்கத்துப் பண்ணையில் ராஸ்மஸ் இருக்கிறான்.
மூன்று வருடமாக என் ஏணி அவனிடம்.
கொடுத்த பொருளைத் திருப்பித் தராத பயல்."
"அப்படியென்றால் அவர்தான் சரியான ஆள்."

சிரித்தாரா, இருமினாரா
எக்ஸ்ரேயில்கூடத் தெரிந்திருக்காது.

படிவத்தில் பதினேழுக்கு நேராக
இரண்டே கட்டங்கள், ஆம், இல்லை.
இரண்டையும் தொடாமல் விட்டேன்.
பிக்கப் வெகுநேரம் கிளம்பவில்லை.
கிளம்பியபோது
சாலை முனையில் எந்தப் பக்கம் திரும்பியதென்று
பனி காட்டவில்லை.

மாலை ஏழுக்குக் கோட்டை மாட்டும்போது
டார்லா ஒரு மஞ்சள் சீட்டை நீட்டினாள்.
வெர்லின் போன் செய்தாராம்.
ஏணி வீட்டுக்கு வந்துவிட்டதாம்.
அவ்வளவுதான், உங்களுக்குப் புரியும் என்றாராம்.

எந்த ஏணி என்று கேட்டாள் டார்லா.
இழுப்பறையைத் திறந்து
சீட்டை அந்த ரசீதின்மேல் வைத்தேன்.