ஒன்பதரை

டூரினுக்கு வடக்கே
கார்க் கதவுகளை அச்சடித்த கொட்டகையில்
இப்போது ஒரு கை படம் வரைகிறது.
தோளில் தொடங்கி மணிக்கட்டோடு முடிந்துவிடும் கை.
ஆறு மூட்டு, மஞ்சள் பெயின்ட்,
விரலே கிடையாது,
நுனியில் பென்சில்.

பென்சில் சீவுவது என் வேலை.
சம்பளப் பட்டியலில் அதற்குத்
தொழில்நுட்ப உதவி என்று பெயர்.

உடுப்பில்லாமல் நிற்க
ஓர்னெல்லா அழைத்திருந்தது ஃபியோரென்சோவை.
அறுபத்தெட்டு வயது.
சட்டையை மடித்து வைத்தார், காலுறையை உருட்டி வைத்தார்,
மூக்குக்கண்ணாடி மட்டும் இருக்கட்டுமா என்றார்.
ஹீட்டர் ஒன்றுதான்.
அதையும் இயந்திரத்தின் பக்கம் திருப்பியிருந்தோம்,
குளிரில் அதன் கிரீஸ் இறுகிவிடும்.

அசையாதீர்கள்.
அவர் அசையவில்லை.
ஆனாலும் என் திரையில் சிவப்பு வரிகள்
விலகல்
விலகல்
விலகல்
நிமிடத்துக்குப் பதினான்கு.
கடிகாரத்தை வைத்து எண்ணினேன்.
மூச்சு.

ஒரு வடிகட்டி போட்டால் போய்விடும் என்றேன்.
போட்டால் பிணத்தை வரையும் என்றாள்.
போடவில்லை.
விலாவின் கோடுகள் ஒவ்வொன்றும்
இரண்டாய் மூன்றாய்ப் பிரிந்து
ஆகஸ்டில் தார்ச் சாலைக்கு மேல் நடுங்கும் காற்றைப் போல
காகிதத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

இடது கைக்கு வர பதினொன்றே முக்கால் ஆயிற்று.
சுண்டு விரல் முடிந்து
மோதிர விரல்.
நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை பென்சில்.
அடுத்த கணு, அதற்கடுத்த கணு,
நகம், நகத்தடியில் பிறை,
தயக்கமே இல்லாமல் போய் முடித்தது.

ஃபியோரென்சோவுக்கு அந்த விரல் பாதிதான்.
மீதி இதே கொட்டகையில்
மூன்றாம் எண் பிரஸ்ஸில்
ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்டில் போனது.
இடது பின்கதவு அடித்துக்கொண்டிருந்தோம்,
கழுவிவிட்டு விற்றிருப்பார்கள் என்றார் பிறகு.

லட்சம் கைகளைக் காட்டி அதைப் பழக்கியிருந்தோம்.
எல்லாவற்றிலும் ஐந்து விரல்.
கை என்றால் என்ன என்று அதற்குத் தெரியும்.
இவருடையதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்குத் தெரியும்.

ஓர்னெல்லா ரப்பரோடு ஓடி வந்தாள்.
மன்னியுங்கள், பிழை, இதோ அழித்துவிடுகிறேன்.
அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
காகிதத்தருகே குனிந்தார்.
நெடுநேரம்.
மோதிரத்தைக் காணோமே என்றார்.

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார்.
மோதிரத்துக்கு அடுத்த வாரமே பணம் தந்துவிட்டார்கள்,
ரசீது இருந்தது.
விரலுக்கு ஏது ரசீது,
நான்கு வருடம் வழக்கு நடந்தது.

அந்தப் பிரஸ்ஸுக்கு
நடுவில் ஒரு கை இருப்பது தெரியாது, பாவம்,
இதற்கு இல்லாதது தெரியவில்லை
என்று சொல்லிக்கொண்டே
மொட்டை விரலைக் காகிதத்தில் வைத்தார்.
வரைந்த விரலின் அடிப்பாதியில் அது சரியாகப் பொருந்தியது.
எடுத்தபோது தோலில் கரி.
துடைக்கத் துணி நீட்டினேன்.
வேண்டாம், டிராமுக்கு நேரமாயிற்று.

ரப்பரை ஓர்னெல்லா ஜன்னல் மேல் வைத்தாள்.
அழிப்பதா வேண்டாமா என்று
வியாழக்கிழமை பேசலாம் என்றாள்.

இரவு பதிவேட்டை மூடுமுன்
வழக்கம்போல் சிவப்பு வரிகளைப் புரட்டினேன்.
காலை முழுக்க, நிமிடத்துக்குப் பதினான்கு,
குளிர் ஏறியபோது பதினாறு.
பதினொன்று நாற்பத்தேழில் எதுவும் இல்லை.
ஐம்பத்திரண்டு வினாடிகள்
ஒரு விலகல்கூட இல்லை.

எங்களுக்கு முன்னால் அவர் பார்த்திருக்கிறார்.

படத்தில் நடுங்காத கோடு
அந்த அரை விரல் மட்டும்தான்.
ஓர்னெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.