ஒரு ‘ட்’ குறைவு

மூன்றாவது ராத்திரி.
உரக்கடை மாடி, யூரியா நெடி,
கீச்சென்று முனகும் இன்வெர்ட்டர்.
திரையில் ஓர் ஆறு
ஓட மாட்டேன் என்கிறது.

நிஜ ஆறு முந்நூறு அடி தள்ளிக் காய்ந்து கிடக்கிறது.
பழைய தரைப்பாலத்தின் மேல்
ஊத்துக்கோட்டை மாடுகள் அசைபோடுகின்றன.
கார்த்திகையில் மேலே அணையைத் திறந்தால்
பாலம் எத்தனை மணி நேரத்தில் மூழ்கும்?
இது எனக்குத் தந்த கேள்வி.
பதில் சொல்ல வேண்டியவை
பதினோரு கோப்புகள்.

முதல் நாள், ஓட்டிய கையோடு நின்றுவிட்டது.
‘இந்தப் பெயரில் எல்லை எதுவும் இல்லை.’
சிரிப்பு வந்தது.
தினமும் சோதனைச்சாவடியைத் தாண்டித்தானே
டீ குடிக்கப் போகிறேன்.

அடைப்புக்குறிகளை எண்ணினேன்.
திறந்தவை நாற்பத்தொன்று, மூடியவை நாற்பத்தொன்று.
பேன் பார்ப்பதுபோல் அரைப்புள்ளி பார்த்தேன்.
எல்லாம் சரி. எதுவும் சரியில்லை.

சத்தியவேட்டில் இருக்கும் சலபதியைக் கூப்பிட்டேன்,
கட்டவலை பின்னியவன் அவன்தான்.
“தண்ணீர் நுழையும் முகத்துக்கு என்ன பெயர் வைத்தாய்?”
“அணையின் பேருதான். பிச்சாட்டூர்.”
“நானும் அதேதானே!”
“எழுத்துக் கூட்டிச் சொல்லு.”
இங்கிலீஷில் கூட்டினோம்,
அவன் தெலுங்குக் காதால், நான் தமிழ்க் காதால்.
எனக்கு இரண்டு ‘டி’.
அவனுக்கு ஒன்று.

பஸ்ஸின் பலகையில் மூன்றாவது விதமாக எழுதியிருக்கிறது.
அது எப்படியோ
போய்ச் சேர்ந்துவிடுகிறது.

திருத்தினேன். ஓடியது,
நான்கு வினாடி.
பிறகு தண்ணீர் மேல்நோக்கி விழத் தொடங்கியது.
ஒன்பது புள்ளி எட்டுக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.
நாகலாபுரத்து மலைகளைத் தாண்டி
அணை முழுக்க வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.
அழகாகத்தான் இருந்தது. படம் பிடித்து அனுப்பினேன்.
“மழையைத் திருப்பிக் கொடுக்குதா?” என்றான் சலபதி.

அப்புறம் காலம்.
ஒவ்வொரு எட்டும் பெரிது;
தண்ணீர் ஒரு கட்டத்தில் கால் வைக்காமலே
அடுத்ததைத் தாண்டிக் குதித்தது.
வேகம் லட்சம், கோடி,
பின் ‘எண் அல்ல’, ‘எண் அல்ல’, ‘எண் அல்ல’.
சுருட்டப்பள்ளியில் நஞ்சுண்டு சயனித்திருக்கும் சிவனைப் போல
கணினி மல்லாந்து கிடந்தது.
வினாடியை ஆயிரமாக நறுக்கி
ஊட்டிவிட்டேன்.

இன்று ஓடுகிறது. ஆனால் வடியவில்லை.
பாலம் மூழ்கி, பஸ் நிலையம் மூழ்கி,
இன்னும் ஏறுகிறது.
நான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கட்டத்தைத் தேடினேன்.
எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
நீரின் பங்கு: ஒன்று.
ஒன்று என்றால் காற்றே இல்லை.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழ்க்கோடியில், ஆறு வெளியேற வேண்டிய இடத்தில்,
‘சுவர்’ என்றிருந்தது.
யாரையும் திட்ட முடியாது.
போன வருடம் செய்த எண்ணெய்த் தொட்டி வேலையிலிருந்து
நான்தான் பிரதியெடுத்தேன்.
தொட்டி போய்விட்டது, சுவர் கூட வந்துவிட்டது.

ஒரு சொல்லை அழித்து ஒரு சொல்.
அதிகாலை நான்கரைக்குப் பிழை சிறுத்துச் சிறுத்து
கோடு கீழே இறங்கியது.
பாலம் மூழ்க: மூன்று மணி, இருபது நிமிடம்.
என் கட்டத்தில் நீர்: பூச்சியம்.
எனக்குக் கீழே, உரக்கடைக் கட்டத்தில்:
பூச்சியம் புள்ளி இரண்டு.

பால் வண்டி பாலத்தைக் கடக்கிறது.
மாடுகள் எழுந்து வழிவிடுகின்றன.
இன்னும் கொஞ்ச நேரத்தில் மஸ்தான் பாய் ஷட்டரைத் தூக்குவார்.
மூட்டைகளை மேல் பலகைக்கு ஏற்றச் சொல்லலாமா?

ஏழாவது கோப்பில் ஒரு வரி மிச்சமிருக்கிறது,
ஆற்றுப்படுகையின் சொரசொரப்பு.
லாரிகள் மணல் அள்ளிய பள்ளங்கள்
எந்த வரைபடத்திலும் இல்லை.
அந்த எண்
நான் குத்துமதிப்பாகப் போட்டது.