மிளகுக் கிடங்கில் ஒரு சிவப்புக் காய்

விரிஞ்சிபுரம் உயர்நிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு.
மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க
நாலு மூலைக்கும் ஜியாமெட்ரி பாக்ஸ் வைத்து
பலகையை விரித்தேன்:
எண்ணூறு வருடத்துக்கு முந்தைய செட்டியார் வீடு,
நான் வரைந்தது,
சத்துவாச்சாரியில் லேமினேட் செய்தது.

கிடங்கு, கணக்கறை, அடுக்களை,
எருதுகளுக்குக் கொட்டில்,
பாலாற்றங்கரையில் சுங்கச்சாவடி.
காசுக்குப் பதில் நூறு குன்றிமணி
(வாயில் போடக்கூடாது என்று
பெட்டிமேல் பெரிய எழுத்தில் இருக்கிறது).
கழஞ்சுக்கு எத்தனை மஞ்சாடி,
விருந்து வந்தால் யாருக்கு முதல் இலை,
சாத்து கிளம்பும் நாளில் எந்தத் திசை ஆகாது,
எல்லாம் விளையாடியே தெரிந்துகொள்ளலாம் என்பது
நன்கொடை கேட்டு நான் எழுதிய வாக்கியம்.

சீட்டுக் குலுக்கினோம்.
தருண்குமார் செட்டியார். உடனே காலை நீட்டி உட்கார்ந்தான்.
லோகிதா வீட்டம்மா, சாவிக்கொத்து அவளுக்கு.
ஜெபராஜ் கணக்கன்.
அஃப்ரீனுக்கு வேலைக்காரி.

சிவப்புக் காய். தாயம் உருட்ட உரிமை இல்லை.
தண்ணீர் கொண்டு வா, நெல் குத்து என்று அட்டை சொல்லும்;
அவள் நகர்ந்தால்தான் மற்றவர் நகரலாம்.
இந்த விதியை எழுதிய அன்று
எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

நாலாம் சுற்றில் இரவு அட்டை.
அவரவர் படுக்கும் கட்டத்துக்குப் போக வேண்டும்.
போனார்கள்.
எருதுகூடப் போயிற்று.
"மிஸ், இவ எங்க படுப்பா?"

பார்த்தேன்.
முற்றத்தில் துளசி இருக்கிறது.
துளசிக்கு நிழலும் வரைந்திருக்கிறேன்.
எத்தனை பொதிக்கு எவ்வளவு சுங்கம் என்று கேட்டிருந்தால்
தூக்கத்திலும் சொல்லியிருப்பேன்.
"எங்க வேணும்னாலும்" என்றேன்.
பதில் போலத்தான் ஒலித்தது.

அஃப்ரீன் கிடங்குக்கு நகர்ந்தாள்.
மிளகு மூட்டைப் படத்தின்மேல் காயைச் சாய்த்துப் படுக்கவைத்து
பென்சில் சீவிய சுருள் ஒன்றைப் போர்த்தினாள்.

அடுத்த அட்டை:
கள்ளர் வந்தனர். பாதி மிளகு போயிற்று.
செட்டியார் தலையில் கைவைத்தான்.
"எப்படிப் போவும்? மேலதான நான் படுத்திருக்கேன்.
கத்துவேன்."
விதியில் இல்லை என்றேன்.
"எங்க ஊர் சாமியே மிளகு யாவாரிக்கு
வழித்துணையா வந்தவர்தான் மிஸ்"
என்றாள் லோகிதா, சாவியை ஆட்டிக்கொண்டு.
பைபாஸில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போனது.
சரி. கள்ளர் திரும்பிவிட்டனர்.

அதற்குப் பிறகுதான் விளையாட்டே.
பாதி மிளகு நாற்பது குன்றிமணி பெறும்.
காப்பாற்றியவளுக்கு?
"சோறு போடறோமே."
"மிஞ்சினதுதான் போடறீங்க. அட்டையில இருக்கு."
"கூலின்னு ஏட்டுல பத்தியே இல்லை" என்றான் கணக்கன்.
இல்லைதான். ஏடும் நான் போட்டதுதான்.
"அப்ப நாளைக்குத் தண்ணி இல்ல."

செட்டியார் உருட்டினான்.
பன்னிரண்டு விழுந்தது,
எப்போதாவது விழும் பன்னிரண்டு.
நகர முடியவில்லை.

இருபதில் ஆரம்பித்து மூன்றுக்கு இறங்கி
நடுவில் ஒருவன் அழப்பார்த்து
ஏழில் படிந்தது.
மணியடித்தது. யார் ஜெயித்தது என்று
யாரும் கேட்கவில்லை, ஓடிவிட்டார்கள்.

வேலூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து எண்ணினேன்.
தொண்ணூற்று மூன்று.
சேண்பாக்கம் நிறுத்தத்தில் இன்னொரு முறை எண்ணினேன்.
செலவுக் குறிப்பேட்டில்
டிக்கெட்டுக்குக் கீழே எழுதினேன்: கூலி, ஏழு.

பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டு
கிடங்கில் ஒரு பாய் வரைய வேண்டும் என்றேன்.
"எழுபது ஓடிடுச்சு மேடம்.
மிச்சத்துல போடலாம்.
பாய்க்கு என்ன கலர்?"

அஃப்ரீனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.