பதினான்கு முறை

குளிர்சாதனப் பெட்டி மேல், மைலோ டின்னுக்குப் பக்கத்தில்
மூடி உடைந்த மடிக்கணினி.
எங்கள் பாட்காஸ்ட் குடியிருப்பது அதில்தான்.
மென்பொருள் எல்லாம் திறமூலம், காசில்லை;
மின்கட்டணம் மட்டும் என் பெயரில்.

சுங்கை ஆரா, பத்தாம் மாடி.
விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவோம்.
லோகவதி விரலை உயர்த்திக் காத்திருப்பாள்,
சத்தம் அடங்கிய பிறகுதான் மீதி வாக்கியம்.
அந்த இடைவெளிகளை வெட்டியெடுக்க
எனக்கு ஒரு ஞாயிறு போய்விடும்.

கேட்பவர் பதினேழு பேர்.
அதில் ஒன்பது தேடுபொறியின் எந்திரங்கள் என்று
அவளிடம் நான் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் பகுதியை ஏற்றிய இரவு
கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன்.
காலையில் பதிவேட்டைத் திறந்தால்
ஒரே முகவரி.
இரண்டு பத்துக்கு, இல்லை.
இரண்டு பதினொன்றுக்கு, இல்லை.
மூன்றே காலுக்கு, இல்லை.
நாலரை வரை யாரோ தட்டத் தட்ட
பதினான்கு முறையும்
கூசாமல் இல்லை என்றிருக்கிறது என் கணினி.

"செயலி தானாத் தட்டியிருக்கும்," என்றாள் லோகவதி.
இருக்கலாம்.
எழுத்தைச் சேர்த்துவிட்டு
வேலைக்குப் பேருந்து பிடிக்காமல்
பதிவேட்டின் கடைசி வரியையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.