தாழ்ந்த கை

பரந்தன் சந்தி தாண்டிப் பழைய நெல்லுக் களஞ்சியம்.
தகரத்தில் மழை.
"கையைத் தூக்கடா, நாடியை மூடு!"
விதுரன் கத்துகிறான்.

என் கை இடுப்படியிலேயே தொங்கும்.
கண்ணுக்குக் கீழிருந்து புறப்படும் குத்தை
எவன் காண்பான்?
காலுக்குப் பாய்பவனை
முதலில் தொடுவதும் அதுதான்.
முகத்தைக் காப்பது கால்கள்:
அரையடி பின்னே, ஒரு சாய்வு,
காற்று மட்டும் மூக்கை உரசிப் போகும்.

மூன்றாம் சுற்றில் கால் களைத்தது.
நீர்கொழும்பிலிருந்து வந்தவனின் இடது ஹூக்
பிசகாமல் விழுந்தது.
மல்லாந்து கிடந்து
சொட்டுகிற ஓட்டைகளை எண்ணினேன், பதினொன்று.

"ஏன்ரா தூக்கமாட்டாய்?"
ஐஸ் கட்டியோடு விதுரன்.

ஒன்பது வயதில், வட்டுவாகல் பாலத்தில்,
இரண்டு கையையும் தூக்கியபடி நடந்தனான்.
அதோடை காணும் என்றேன்.

அவன் ஐஸைத் துணியில் மறுபடி சுற்றினான்.
"சரி. அப்ப கால்களைப் பழக்குவம்."